அக்கா கட்டிய முழு வரி

லஸ் கார்னரில் சிவப்பு விழுந்தது. வண்டியை அணைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் இருந்து குரல் வந்தது.

"உங்களுக்கு ஐம்பது ஏக்கர் நிலம் இருக்கா?"

காலை ஏழரை மணிக்கு ஆட்டோக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது?

"ஒரு சென்ட்டு கூட இல்ல மேடம்," என்றேன்.

"அப்போ நீங்க ஓட்டுப் போட முடியாது. வெளிய போங்க!"

கண்ணாடியில் பார்த்தேன். ஸ்டெல்லா டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையை நீட்டி யாருக்கோ வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பைக்கில் நின்றவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். ஏதோ பெரிய தகராறு என்று நினைத்திருப்பார்.

டீச்சர் கண்ணைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "ஐயோ அண்ணா, உங்கள இல்ல. கிளாஸுக்கு ஒத்திகை பாக்குறேன்."

சாந்தோமில் இருந்து தி. நகருக்கு வாரத்தில் ஐந்து நாள் அவரை நான்தான் கூட்டிப்போகிறேன். அங்கே ஒரு பயிற்சி மையத்தில், சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குச் சரித்திரம் நடத்துகிறார். என்னைவிட வயதில் சிறியவர். வழியெல்லாம் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார். பிரெஞ்சுக்காரர்கள் ராஜாவின் தலையை எடுத்ததை ஆழ்வார்பேட்டை மேம்பாலத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்குமேல் கிடைத்த படிப்பு எல்லாம் இப்படிப் பின்சீட்டில் இருந்து வந்ததுதான்.

அந்த வாரப் பாடம், அமெரிக்காவில் ஆதியில் யாருக்கு ஓட்டு இருந்தது, யாருக்கு இல்லை என்பது. அதைக் காதில் வாங்காமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும்.

ராஜாவிடம் ஒரு பேச்சு, ஊருக்குள் ஒரு பேச்சு

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

அமெரிக்காவை இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில், நிலம் இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. சில இடங்களில் ஐம்பது ஏக்கர் வேண்டும், சில இடங்களில் இவ்வளவு சொத்து வேண்டும் என்று கணக்கு. பிறகு ராஜாவோடு சண்டை வந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் எப்படி வரி போடலாம் என்பதுதான் சண்டைக்கே காரணம். நியாயம்தான்.

சண்டையில் ஜெயித்தார்கள். ஜெயித்த பிறகு, துப்பாக்கி தூக்கிப் போன நிலமில்லாதவன் வந்து, "எனக்கு ஓட்டு?" என்று கேட்டால், பல ஊர்களில் அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"இன்னா மேடம் இது அநியாயம்? ராஜாகிட்ட கேட்ட கேள்விய அவன் இவங்ககிட்ட கேக்கறான். பதில் சொல்ல வேணாமா?"

"சொன்னாங்களே. சொத்து இல்லாதவன் இன்னொருத்தன நம்பிப் பொழைக்கிறவன். அவனுக்குன்னு சொந்தப் புத்தி இருக்காது. மொதலாளி சொல்ற ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவான். அதான் பதில்."

அந்தப் பதில் எனக்குப் புதிதில்லை. வேறு வார்த்தைகளில் அதே பதிலை முப்பது வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் ஒரு தலை இல்லை

பட்டினப்பாக்கம் பக்கத்தில் கடலை ஒட்டி எங்கள் குப்பம். பெயரை எழுதவில்லை. எழுதினால் அக்கா சோறு போடமாட்டாள்.

எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் செலவுக்கும் வீட்டுக்கு வீடு வாங்குவது. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் முழு வரி கட்டுவான். கட்டினால் ஊர்க்கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம். புருஷனை இழந்த பெண் அரைத் தலைக்கட்டு. அரை வரி கட்டவேண்டும். ஆனால் கூட்டத்தில் உட்காரக் கூடாது. கல்யாணம் ஆகாத ஆணுக்கு வரியே கிடையாது. வரி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். அவன் ஊர்க் கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. காசிமேட்டில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். "பையன் ஏதாச்சும் பேசட்டும்," என்றார்கள். கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முந்திரி ஓரமாக ஒதுங்கியிருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. பேச்சுதான் வரவில்லை. பையன் ஊமையா என்று பிறகு கேட்டனுப்பினார்கள். அதற்கப்புறம் அம்மா படுத்துவிட்டாள். அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

இதில் எனக்கு வருத்தம் அதிகம் இல்லை. எங்கள் தெருப் பையன் ஏழுமலை விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

ஏழுமலை பிறந்தபோது அவன் அம்மாவையும் அவனையும் ஆஸ்பத்திரியில் இருந்து என் வண்டியில்தான் கூட்டி வந்தேன். போன வருஷம் அவனுக்குக் கல்யாணம். மறுநாளே அவன் முழுத் தலை. இந்த வருஷம் வரி வசூலிக்கிற பொறுப்பும் அவனுக்கே. அவன் கூட்டத்தில் உட்கார்ந்து ஊர் நல்லது கெட்டது பேசுவான். நான் மதில் ஓரமாக நின்று கேட்டுக்கொள்ளலாம். வாயைத் திறக்கக் கூடாது.

பாராளுமன்றத் தேர்தலில் என் விரலில் மை வைக்கிறார்கள். தெருக்குழாய் விஷயத்தில் எனக்கு வாய் கிடையாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

உரக்கச் சொல்லும் ஓட்டு

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா என்ற இடத்தில் ஓட்டுச்சீட்டே கிடையாதாம். மேஜை போட்டுப் போட்டியாளர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். ஓட்டுப் போட வருகிறவன் எல்லார் முன்னாலும் நின்று, இன்னாருக்கு என் ஓட்டு என்று சத்தமாகச் சொல்லவேண்டும். சொன்னதும் அந்த ஆள் எழுந்து நன்றி சொல்வாராம். தோற்கப்போகிறவர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே சாராயம் வேறு ஊற்றுவார்களாம்.

எனக்கு வியர்த்துவிட்டது. ஐம்பது என்ன, ஐந்நூறு ஏக்கர் இருந்தாலும் நான் அங்கே ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன். கடைசி ஆளாக நின்று, பாத்ரூம் போகிற மாதிரி நழுவியிருப்பேன்.

சாராயம் ஊற்றுகிற பகுதியை மட்டும் டீச்சர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொட்டகை வந்தது

என் அக்கா வசந்தா மீன் விற்கிறாள். அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாமா காமாலையில் போன பிறகு அக்கா அரைத் தலைக்கட்டு ஆனாள். மீன்கூடையின் கனம் பாதியாகவில்லை.

சாலை ஓரத்தில் குடை நட்டு உட்காருவாள். காலையில் குடை நிழல் போதும். பத்து மணிக்கு மேல் வெயில் குடைக்கு அடியில் புகுந்துவிடும். ஐஸ் உருகி ஓடும். சங்கராவின் சிவப்பு வெளுக்கும், வவ்வாலின் வயிறு தொய்யும். பதினொரு மணிக்கு அசோக் நகரில் இருந்து காரில் வருகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காலைலயே பிடிச்சதா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். அக்கா வாய்க்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருவாள்.

இந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பணத்தில் மீன் விற்கக் கொட்டகை போட்டார்கள். தகரக் கூரை, சிமெண்ட் திண்டு, கழுவத் தண்ணீர். அக்கா தினமும் போய் அந்தத் திண்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். நிழலில் ஓர் இடம் கிடைத்தால் மதியம் வரை மீன் தாங்கும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஏழுமலை வரி கேட்டு வந்தான்.

"அத்தை, அரை வரி குடு. அப்பால, கொட்டாய்ல எடம் பிரிக்கறாங்க. முழு வரிக்கு உள்ள. அரை வரிக்கு வெளிய."

"வெளியன்னா எங்கடா?"

"சாக்கடைக்கு அந்தாண்ட. மேக்கால."

மேற்கு என்றால் மதிய வெயில் முழுசாக அங்கேதான் விழும். அக்கா செதில் சுரண்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு நான் இப்ப ஒக்கார்ற எடமே தேவலாமே."

"ரோட்டோரம் இனிமே யாரும் குந்தக் கூடாதுன்னு பேசிட்டாங்க அத்தை."

எனக்கு அன்று காலைப் பாடம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் கொஞ்ச காலம் கழித்து, நிலம் வேண்டாம், வரி கட்டினால் போதும், ஓட்டு உண்டு என்று பல இடங்களில் மாற்றினார்களாம். உள்ளே போய்ச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டு வந்தேன்.

"ஏழுமலை, நான் கட்றேன் முழு வரி. இந்த வூட்டுக்கு."

அவன் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

"இன்னா மாமா காமெடி பண்ற? உன்கிட்ட யாரு கேட்டா? கல்யாணம் பண்ணிக்கினு வா, வாங்கிக்கறேன். பொறுப்புன்னு ஒன்னு வேணாமா?"

பொறுப்பு! ஆஸ்பத்திரி வாசலில் அவன் துணியை நனைத்தது என் மடியில்.

நியூ ஜெர்சிக்காரிகள்

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட கேள்விகள் குறைவு. இதைக் கேட்க அடையாறு பாலத்தில் தொடங்கி, கோட்டூர்புரம் தாண்டித்தான் முடிந்தது. அன்று அவர் தோழி வீட்டில் இருந்து கிளம்பியிருந்தார்.

"மேடம், அந்த அமெரிக்காவுல... புருஷன் செத்த பொம்பளைங்களுக்கு?"

"நியூ ஜெர்சின்னு ஒரு எடத்துல மட்டும் ஓட்டு இருந்திச்சு அண்ணா. சொத்து இருக்கற கைம்பெண், கல்யாணமாகாத பொண்ணு, ரெண்டு பேரும் போட்டாங்க. புருஷன் இருக்கறவங்களுக்குக் கெடையாது. ஏன்னா சொத்து புருஷன் பேருக்குப் போயிடும்."

எங்கள் ஊருக்கு அப்படியே தலைகீழ். கல்யாணம் ஆகாதவர்களுக்கு ஓட்டு! நான் அங்கே பிறந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே வர்ஜீனியா ஞாபகம் வந்து பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் வஞ்சிரத் துண்டுக்கு மிளகாய் தடவிக்கொண்டிருந்தாள். முழுசும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பொம்பளைங்க கட்னது அரையா, முழுசா?"

"அங்க அரைன்னு ஒன்னு இல்லக்கா. சொத்து இருந்தா முழு ஆளுதான்."

"அப்படிச் சொல்லு," என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

வரியைக் கண்டு ஓடினவன்

ஞாயிறு சாயங்காலம் கோயில் பின்புறம் மணலில் கூட்டம். தலைக்கட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் படகுகளுக்குப் பின்னால் நின்றார்கள். நான் என் மதிலோரம்.

அக்கா படகைச் சுற்றிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில், காலை மடக்குங்கள் என்று முழங்காலால் இடித்துக்கொண்டே நடந்தாள். ஏழுமலை முன்னால் போய் நின்று சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

"இந்தா, வரி."

வாங்கிப் பார்த்தான். "அத்தை, ஜாஸ்தியா கீது."

"ஜாஸ்தி இல்லடா. முழுசு."

பணத்தை அவள் கையிலேயே திணித்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். வரி வசூலிக்கிறவன் வரியைக் கண்டு ஓடியதை எந்தத் தேசத்திலாவது யாராவது பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஊர்த் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "வசந்தா, உனக்கு அரைதாம்மா. ஊரு உம்மேல வெச்ச எரக்கம் அது."

"அந்த எரக்கத்த நெழல்ல வெக்கக் கூடாதா தலைவரே? வெயில்ல இன்னாத்துக்கு வெக்கிறீங்க?"

படகுக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது.

"வூட்ல ஆம்பள இல்லாம தலைக்கட்டு எப்படி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எம்புருசன் இருந்தப்போ வாங்கினீங்களே வரி, அது யாரு துட்டு? நான் மீன் வித்த துட்டு. தலை அவருது, துட்டு என்னுது. தலை பூடுச்சி. துட்டு அப்படியே கீது. வாங்கிக்கினு உள்ள எடம் குடு."

"வழக்கம்னு ஒன்னு இல்லையா?"

"முழுசு வாங்கலைன்னா அரையும் கெடையாது," என்று பின்னால் இருந்து ஒரு குரல். அக்காவைப் போலப் புருஷனை இழந்த பெண்கள் ஒவ்வொருவராகப் படகைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லார் கையிலும் பணம் இருந்தது. அக்கா பேசாமல் இருந்த நாட்களில் என்ன செய்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆடித் திருவிழா வாசலில் நின்றது. பந்தல்காரர் முன்பணம் கேட்டு அன்றைக்குத்தான் வந்து போயிருந்தார். பஞ்சாயத்தார் தலையைச் சேர்த்துவைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் தலைவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்.

"சரி. முழு வரி கட்டற பொம்பளைக்கு முழுத் தலை. கொட்டாய்ல உள்ள எடம். கூட்டத்துல ஒக்காரலாம்."

அக்கா அங்கேயே, அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் போட்ட விதை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

மதிலை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தேன். "தலைவரே..." என்றேன். உண்மையாகவே என் வாயிலிருந்து சத்தம் வந்தது. "அப்போ நானும்... வரி..."

ஏழுமலை துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். இன்னிக்கு இவங்க, நாளைக்கு கல்யாணமாவாதவன், ஆட்டோ ஓட்றவன், போறவன் வர்றவன்லாம் வருவான். முடிவா ஒன்னு போடுங்க. தலைக்கட்டு தவிர வேற யாரும் கூட்டத்துல நிக்கவும் கூடாது. நின்னு கேக்கறதால வம்புதான் வருது."

"நாயந்தான்," என்றார் அந்தப் பெரியவர். "ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. முன்வரிசை, நடுவரிசை. பிறகு புதிதாக உட்கார்ந்த பெண்களின் கைகள், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே. அதில் ஒரு கையில், புறங்கையில், காய்ந்த செதில் ஒட்டியிருந்தது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரே சட்டத்தில்

திங்கள் காலை தேனாம்பேட்டை நெரிசலில் கேட்டேன். "அந்த நியூ ஜெர்சிப் பொம்பளைங்க அப்பால இன்னா ஆனாங்க மேடம்?"

"முப்பது வருஷம் போல போட்டாங்க. பிறகு எடுத்துட்டாங்க. ஒரு புதுச் சட்டம். வரி கட்டற வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்கு, சொத்து இல்லாட்டியும் ஓட்டு. பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் கெடையாது."

"குடுத்ததும் எடுத்ததும் ஒரே சட்டமா?"

"ஒரே சட்டம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல மேடம்?"

"நீங்க கேட்ட கேள்விக்குத்தானே அண்ணா சொன்னேன்? சொல்லி முடிக்கறதுக்குள்ள தி. நகர் வந்துடுச்சு."

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. நானும் பதிலுக்கு அடித்தேன். நெரிசல் எப்போதோ விலகி, முன்னால் யாரும் இல்லை.

அக்காவிடம் நான் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அவள் கவனிக்கவில்லை. கொட்டகையில் உள்வரிசையில், காற்று வருகிற பக்கமாக அவளுக்கு இடம் விழுந்திருந்தது. மதியம் வரை மீன் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"ஏன்க்கா கை தூக்கின?"

அவளுக்கு முதலில் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் தூக்கினாங்கடா. மொதோ நாளு போய் குந்தியிருக்கேன். தூக்காம இருந்தா இன்னா நெனைப்பாங்க? வந்தவொடனே தம்பிக்குப் பேசுறான்னு சொல்ல மாட்டாங்களா? எடத்தக் குடுத்தவங்க எடத்தப் புடுங்க எம்மாம் நேரமாவும்?"

அவள் சொன்னதில் பிசகு எங்கே என்று தேடிப் பார்த்தேன். கிடைத்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன்.

"அடுத்த கூட்டத்துல உன் விசயத்த எடுக்கறேன், இரு," என்றாள்.

அடுத்த கூட்டமும் வந்தது. வெள்ளைப் புள்ளி போட்ட நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். நான் வீட்டில் சோறு வடித்துவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள். முகத்தில் நல்ல தெளிவு. மற்றப் பெண்களோடு தெருமுனையில் நின்று ஏதோ பேசிச் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"இன்னாக்கா ஆச்சி? என்னோடத எடுத்தியா? இன்னா பேசினாங்க?"

சோற்றுப் பானை மூடியைத் திறந்து பார்த்தாள். குழைந்துவிட்டது என்று முகம் சுளித்தாள். தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கூட்டத்துல பேசுனத வெளியாளுங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கீறோம்டா."